மீட் ஜோ பிளாக்: அவசரப்படாத ஒரு படத்துக்காக



மார்ட்டின் பிரெஸ்ட் இயக்கிய 'மீட் ஜோ பிளாக்' படத்தை நேற்று மாலை இதே அரங்கில் நாம் சேர்ந்து பார்த்தோம். 178 நிமிடப் படம். முடிந்து விளக்கு போட்டதும் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். சிலர் யாரிடமும் பேசாமல் கிளம்பிப் போனீர்கள். பேசாமல் போனவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவர்களுக்குப் படம் போய்ச் சேர்ந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தவர்களிடம்தான் இன்று வாதாட வந்திருக்கிறேன்.

நீங்கள் தனியாள் இல்லை. 1998 நவம்பர் 13 அன்று படம் அமெரிக்காவில் வெளியானபோது பெரும்பாலான விமர்சகர்கள் உங்கள் கட்சியில்தான் இருந்தார்கள். படம் ஊர்கிறது என்றார்கள். பிராட் பிட் மரக்கட்டை போல நிற்கிறார் என்றார்கள். மாளிகையும் ஹெலிகாப்டரும் பளபளக்கும் அளவுக்குக் கதை பளபளக்கவில்லை என்றார்கள். ரோஜர் ஈபர்ட் போன்ற சிலர்தான் குறைகளைச் சொல்லிவிட்டுப் பரிவோடும் எழுதினார்கள். ஆண்டின் மோசமான படங்களுக்குத் தரப்படும் ராஸி விருதுகளில், மோசமான மறுஆக்கம் அல்லது தொடர்ச்சி என்ற பிரிவில் இதன் பெயரும் இருந்தது. ஏறக்குறைய 9 கோடி டாலர் செலவில் எடுத்த படம், அமெரிக்காவில் அதில் பாதியைத்தான் திரும்ப எடுத்தது. மற்ற நாடுகளின் ரசிகர்கள்தான் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். அதே நவம்பரில் ஸ்டார் வார்ஸ் வரிசையின் புதிய படத்துக்கான முன்னோட்டத்தை, ஓடிக்கொண்டிருந்த சில படங்களோடு சேர்த்துத் திரையிட்டார்கள். இதுவும் அவற்றில் ஒன்று. முழுக் கட்டணம் கொடுத்து உள்ளே வந்து, முன்னோட்டம் முடிந்ததும் எழுந்து போன ரசிகர்களைப் பற்றி அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேறு என்ன இருக்க முடியும்?

என் வாதம் ஒன்றுதான். இந்தப் படத்தின் நீளத்தை ஒரு குறையாக எண்ணி மன்னித்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த நீளத்தில்தான் படத்தின் பொருளே இருக்கிறது என்கிறேன். கதையை நினைத்துப் பாருங்கள். வில்லியம் பாரிஷ் என்ற பெரிய பத்திரிகை, தொலைக்காட்சி அதிபர். 65 வயது நிறையப் போகிறது. நடு இரவில் நெஞ்சு வலிக்கிறது. காதில் ஒரு குரல் கேட்கிறது. அவரை அழைத்துப் போக மரணம் வந்துவிட்டது. ஆனால் மரணத்துக்கு ஓர் ஆசை: மனிதர்கள் வாழும் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகவேண்டும். அது வரைக்கும் நீ எனக்கு வழிகாட்டியாக இரு, அத்தனை நாள் உனக்குக் கூடுதல் என்று பேரம் பேசுகிறது. ஆக, இது கெடு நீட்டிக் கொடுக்கப்பட்ட ஒரு மனிதனின் கதை. அப்படிப்பட்ட கதையை விறுவிறுவென்று சொல்லி முடிப்பது அந்த மனிதனுக்குக் கொடுத்ததைத் தட்டிப் பறிப்பதாகும்.

நம் ஊர் ரசிகர்களுக்கு மூன்று மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை. இடைவேளையோடு உட்கார்ந்து பழகியவர்கள் நாம். அதனால் நேற்று கடிகாரம் பார்த்தவர்களுக்கு உறுத்தியது மொத்த நேரம் இல்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு காட்சிக்குள்ளும் பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே விடப்பட்ட இடைவெளிதான் உறுத்தியிருக்கவேண்டும். அந்த இடைவெளிகளைத்தான் நாம் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிரெஸ்ட் மாற்றியது எது என்று தெரிந்தால்தான் அவர் எதற்காக இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்பது புரியும். இத்தாலிய நாடக ஆசிரியர் ஆல்பர்ட்டோ கசெல்லா 1924இல் எழுதிய நாடகம்தான் மூலம். அதை 1934இல் 'டெத் டேக்ஸ் எ ஹாலிடே' என்று மிட்செல் லைசன் படமாக எடுத்தார். பிரெட்ரிக் மார்ச் மரணமாக நடித்தார். 79 நிமிடத்தில் முடிந்துவிடும் படம். அதில் மரணம் ஓர் இளவரசன் வேடத்தில் மூன்று நாள் விருந்தாளியாக ஒரு மாளிகைக்கு வருகிறான். அந்த மூன்று நாளும் உலகத்தில் யாரும் சாவதில்லை. கிராட்சியா என்ற பெண் அவனை விரும்புகிறாள். அவன் யார் என்று தெரிந்த பிறகும் பயப்படாமல் அவனோடேயே போய்விடுகிறாள். அழகான முடிவு. ஆனால் காதல் வந்தால் சாவும் இனிக்கும் என்ற பழைய மயக்கத்தில் கட்டிய முடிவு.

பிரெஸ்ட் இதைத் தலைகீழாக்கினார். அவர் படத்தில் மரணத்தோடு போவது பெண் இல்லை, அப்பா. மரணம் அவளை விட்டுவிட்டுப் போகக் கற்றுக்கொள்கிறது. கூட்டிப் போவது மரணத்துக்குத் தெரிந்த தொழில். அதைச் செய்ய 79 நிமிடம் போதும். விட்டுவிட்டுப் போவது அதற்குத் தெரியாத வித்தை. அதைக் கற்கத்தான் மீதி நேரம்.

காபிக் கடைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். இன்று இணையத்தில் இந்தப் படத்தைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கள்கூட அந்த விபத்துத் துண்டை மட்டும் பார்த்திருப்பார்கள். பிராட் பிட்டை ஒரு வண்டி தூக்கி எறிகிறது, இன்னொரு வண்டி மேலும் அடிக்கிறது. சில நொடித் துண்டாக அது சிரிப்புக்குப் பயன்படுகிறது. ஆனால் நேற்று இந்த அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. அதற்கு முன்னால் நடந்ததையும் பார்த்துவிட்டுத்தான் நாம் அங்கே வந்து சேர்ந்தோம்.

முன்னால் என்ன நடந்தது? கடையில் ஓர் இளைஞன் தொலைபேசியில் தன் தங்கையைத் தேற்றிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சூசன், பாரிஷின் இளைய மகள், மருத்துவர், அதைக் கேட்டுவிடுகிறாள். பேச்சு தொடங்குகிறது. பெரிய வசனம் ஒன்றும் இல்லை. வேலை, ஊர், குடும்பம், இன்னொரு கோப்பை காபி. சூசனாக நடிக்கும் கிளேர் ஃபோர்லானி பார்வையை மேலே உயர்த்துவதும் உடனே தாழ்த்துவதுமாக அந்தக் காட்சி முழுவதையும் நடத்துகிறார். வெளியே வந்து தெருமுனையில் பிரிகிறார்கள். அவள் திரும்பிப் பார்க்கிறாள். அவன் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருக்கிறான். அவன் திரும்பிப் பார்க்கிறான், அவள் நடந்துகொண்டிருக்கிறாள். மறுபடியும் அவள், மறுபடியும் அவன். ஒரு தடவைகூடக் கண்கள் சந்திப்பதில்லை. ஒரே தடவை காட்டிவிட்டு நிறுத்தியிருந்தால் அது வழக்கமான காதல் படக் காட்சி. திரும்பத் திரும்பக் காட்டும்போது, இனி எப்போதும் சந்திக்கப்போவதில்லை என்ற பயம் நமக்குள் ஏறிவிடுகிறது. அதன் பிறகுதான் வண்டி வருகிறது. மணிக்கணக்கில் நகரும் படம் என்கிறார்களே, அந்த விபத்தை எவ்வளவு வேகமாக முடித்திருக்கிறார் பாருங்கள். மெதுவாக வளர்ந்ததை ஒரு நொடியில் பறித்தால்தான் பறிபோனது எவ்வளவு என்று தெரியும்.

அந்த இளைஞனின் உடம்பைத்தான் மரணம் உடுத்திக்கொண்டு வருகிறது. அதனால் பிராட் பிட் நடிப்பைப் பற்றிய புகாருக்கு இங்கேயே பதில் இருக்கிறது. காபிக் கடையில் அவர் நடித்ததை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். தோளை ஆட்டிப் பேசுகிறார், சிரிக்கிறார், வாக்கியத்தைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவுகிறார். ஓர் இடத்திலும் மரக்கட்டை இல்லை. அன்று இரவு பாரிஷ் வீட்டுக்குள் நுழையும்போது அதே முகம், ஆனால் உள்ளே ஆள் வேறு. கழுத்து திரும்பும்போது தோளும் சேர்ந்து திரும்புகிறது. கேட்ட கேள்விக்கு ஒரு கணம் தாமதித்துத்தான் பதில் வருகிறது. ஜோ பிளாக் என்ற பெயரே சாப்பாட்டு மேசையில் பாரிஷ் தடுமாறித் தடுமாறிக் கண்டுபிடித்துக் கொடுத்த பெயர். இரவல் உடம்பில், இரவல் பெயரில் இருப்பவன் இயல்பாக இருந்தால்தான் அது தப்பான நடிப்பு.

அந்த விறைப்பு எப்படி இளகுகிறது என்பதைப் படிப்படியாகக் காட்டுகிறார்கள். சமையலறைக்குப் போகிறான். அங்கிருக்கும் பணியாளர்கள் வேர்க்கடலை வெண்ணெயைக் கொடுக்கிறார்கள். கரண்டியை வாயில் வைத்தவன் எடுக்கவில்லை. எத்தனையோ யுகங்களாக எல்லா உயிரையும் பார்த்தவன், ருசி என்ற ஒன்றை முதல்முறையாக அறிகிறான்! அதற்கு ஒரு கரண்டி வெண்ணெய் போதுமானதாக இருக்கிறது. இந்தக் காட்சியை அசட்டுத்தனம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு இது படத்தின் மிக நுட்பமான இடங்களில் ஒன்று. பணக்கார வீட்டில் நுழைந்த மரணத்துக்குப் பிடித்துப்போவது மாளிகையோ ஓவியங்களோ இல்லை, கடையில் புட்டியில் விற்கும் மலிவான ஒரு தின்பண்டம்.

செல்வப் பகட்டைப் பற்றிய புகாரையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். உண்மைதான், கண்ணைப் பறிக்கும் வீடுகள். கலை இயக்கம் டான்டே ஃபெரெட்டி. ஒளிப்பதிவு இம்மானுவேல் லுபெஸ்கி, பின்னாளில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஆஸ்கர் வாங்கியவர். பிறந்தநாள் விழா நடக்கும் மாளிகை ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வார்விக் என்ற ஊரில் இருக்கும் ஆல்ட்ரிச் மாளிகை. செல்வாக்கு மிக்க ஒரு செனட்டருக்காகக் கட்டியது. இத்தனையும் வைத்துக்கொண்டு பாரிஷ் என்ன செய்கிறார்? ஒரு தடவைகூடப் பணத்தைக் காட்டி மரணத்திடம் பேரம் பேசுவதில்லை. கூடுதலாகக் கிடைத்த நாளில் அவர் கேட்பது, நாளைக்கும் எல்லோரும் சாப்பிட வாருங்கள் என்பதுதான். தினமும் அப்படிச் சேர்ந்து உட்காரும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லாததால் பிள்ளைகளுக்கு வியப்பு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து மாப்பிள்ளை உளறுகிறார், மூத்த மகள் விருந்து ஏற்பாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறாள். பாரிஷாக நடிக்கும் அந்தோனி ஹாப்கின்ஸ் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காட்சி நீள்கிறது. நமக்கு அலுப்பு தட்டும் அந்தப் பேச்சு அவருக்குத் தட்டவில்லை என்பதைத்தான் அவர் முகத்தில் படிக்கவேண்டும்.

மூத்த மகள் அலிசனைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல ஆசை. மார்சியா கே ஹார்டன் நடித்திருக்கிறார். அப்பாவின் செல்லம் இளையவள்தான் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். படத்தின் பின்பாதியில் அப்பாவும் அவளும் தனியாக இருக்கும்போது அவளே அதைச் சொல்லிவிடுகிறாள். குறையாகச் சொல்லவில்லை. சூசன் உள்ளே வரும்போது அப்பாவின் கண் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும். தன்மேல் அன்பு இருந்ததும் தெரியும். அது தனக்குப் போதுமானதாக இருந்தது என்கிறாள். ஹாப்கின்ஸ் மறுத்துப் பேசப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார், மறுத்தால் அது பொய். உடன்பிறப்புகளோடு வளர்ந்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. காதல் கதைக்கு இந்தக் காட்சி தேவையில்லை. வேகம் வேண்டும் என்று கத்தரி எடுப்பவரின் கை முதலில் இங்கேதான் வரும். ஆனால் சாகப்போகும் ஒரு தகப்பன் தீர்த்துவைக்கவேண்டிய கணக்கு இதுதானே?

உண்மையில் கத்தரி எடுக்கத்தான் செய்தார்கள். தொலைக்காட்சிக்கும் விமானப் பயணிகளுக்கும் என்று படத்தைச் சுமார் இரண்டு மணி நேரமாகச் சுருக்கினார்கள். பிரெஸ்ட் அதில் தன் பெயரைப் போட மறுத்துவிட்டார். இயக்குநர் தன் படத்தைக் கைவிடும்போது ஹாலிவுட்டில் அப்போது போட்டுவந்த ஆலன் ஸ்மிதி என்ற புனைபெயரோடுதான் அந்தப் பதிப்பு வந்தது. 'பெவர்லி ஹில்ஸ் காப்', 'மிட்நைட் ரன்' போன்ற படங்களை ஓட்டமும் சிரிப்புமாக எடுத்த மனிதர் அவர். வேகமாகச் சொல்லத் தெரியாதவர் என்று அவரைச் சொல்லவே முடியாது. அடுத்து அவர் எடுத்த 'ஜிலி' 2003இல் இதைவிட மோசமாக அடிவாங்கியது. அதற்குப் பிறகு அவர் படமே இயக்கவில்லை. அந்த மௌனத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

குறையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. பாரிஷின் நிறுவனத்தைக் கைப்பற்றும் சதிக் கதை மெல்லியது. ட்ரூ என்ற அந்த வில்லன் எப்போது எப்படி மாட்டுவான் என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது. ஜோ தன்னை வருமான வரி அதிகாரி என்று சொல்லி அவனை மடக்கும் இடம் கைதட்டலுக்காக வைத்தது. அதைப் பாதியாக வெட்டியிருந்தால் நான் வருந்தியிருக்கமாட்டேன்.

இதைவிடக் கடுமையான குறை ஒன்று உண்டு. மருத்துவமனையில் ஜமைக்கா நாட்டு மூதாட்டி ஒருத்தி வருகிறாள். பார்த்த மாத்திரத்தில் ஜோ யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. வலி தாங்கமுடியாமல், என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று கெஞ்சுகிறாள். ஜோ அவளுடைய வட்டார மொழியிலேயே பதில் பேசுகிறான். பிராட் பிட் வாயில் அந்த மொழி ஒட்டவில்லை என்று கேலி செய்தார்கள்; அதை நான் மறுக்கவில்லை. பணக்கார வெள்ளையர்கள் நிறைந்த படத்தில் ஏழைக் கறுப்பினப் பெண் ஒருத்தி வந்து ஞானம் சொல்லிவிட்டு இறந்துபோவது ஹாலிவுட்டின் பழைய கெட்ட வழக்கம். அவளுக்கென்று வீடு, பிள்ளை, கதை எதுவும் கொடுக்காதது தவறுதான். இருந்தாலும் அவள் இரண்டாம் முறை வரும்போது சொல்வதைக் கவனியுங்கள். உனக்கு இங்கே தங்கும் உரிமை இல்லை, நல்ல சில காட்சிகள் கிடைத்தன, அவற்றை எடுத்துக்கொண்டு போ என்ற பொருளில் ஜோவிடம் பேசுகிறாள். மரணத்துக்குச் சாவைச் சொல்லிக்கொடுக்கிறாள்! மொத்தப் படமும் போய்ச் சேரும் இடத்தை முதலில் கண்டுகொண்டவள் அவள்தான்.

நம்மிடமும் இப்படி மரணத்தோடு உட்கார்ந்து பேசும் கதைகள் உண்டு. கடோபநிடதத்தில் நசிகேதன் என்ற சிறுவன் எமன் வீட்டு வாசலில் மூன்று இரவு காத்திருக்கிறான். மரணம் வீட்டுக்காரன், மனிதன் விருந்தாளி. பிரெஸ்ட் படத்தில் மரணம்தான் விருந்தாளி. சாவித்திரி எமன் பின்னாலேயே நடந்து பேச்சாலேயே கணவனை மீட்டாள். பாரிஷும் பேச்சால்தான் மகளை மீட்கிறார். சூசனையும் கூட்டிப் போகப்போகிறேன் என்று ஜோ சொன்னதும் அந்த நிதானமான கிழவர் வெடிக்கிறார். நீ அவளை விரும்பவில்லை, அவள் உனக்கு வேண்டும், அவ்வளவுதான் என்கிறார். நம்பிக்கை, பொறுப்பு, விரும்பியவளுக்குத் தீங்கு நேராமல் பார்ப்பது, நீ யார் என்பதை அவளிடம் சொல்வது, இதெல்லாம் இல்லாமல் என்ன காதல் என்று கேட்கிறார். உயிர் எடுக்கும் அதிகாரம் எதிரில் நிற்பவனிடம் இருக்கிறது என்பது தெரிந்தே கேட்கிறார். சதி, பங்குகள், வாரியக் கூட்டம் என்று அலைந்த படம் இங்கே ஓர் அப்பாவின் கோபமாகத் திரண்டு நிற்கிறது. ஹாப்கின்ஸின் குரல் உயர்வது படத்தில் அரிது. அதனால்தான் இங்கே அது தைக்கிறது.

அதன் விளைவு விழா இரவில் தெரிகிறது. ஜோவும் சூசனும் நிற்கிறார்கள். நான் யார் என்று உனக்குத் தெரியுமா என்ற கேள்வி வருகிறது. கேமரா ஃபோர்லானியின் முகத்தை விட்டு நகரவில்லை. அவளுக்குப் புரியத் தொடங்குகிறது. மருத்துவர் அல்லவா, சாவைப் பார்த்தவள். கண்ணில் ஓர் அச்சம் எழுந்து, பெயர் சொல்லவேண்டிய இடம் வரை வந்து நிற்கிறது. ஜோ அதைப் பார்க்கிறான். சொல்லச் சொல்லிக்கொடுத்த அப்பாவின் பாடம் அவனுக்கு நினைவில் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால் அவள் காலம் முழுக்கச் சுமக்கவேண்டியிருக்கும் என்பதும் தெரிகிறது. ஜோ என்ற பெயரோடு நின்றுவிடுகிறான். அவள் விரும்பத் தொடங்கியது அந்தக் காபிக் கடையில்தான் என்பதும் அவனுக்கு அப்போது விளங்கிவிடுகிறது. அங்கே இருந்தவன் தான் இல்லையே! அந்தக் கடையில் கிடைத்தது உனக்கு எப்போதும் இருக்கும் என்று வாக்குக் கொடுக்கிறான். இத்தனையும் இரண்டு முகங்களிலேயே நடக்கிறது. தாமஸ் நியூமனின் இசைகூட முந்திக்கொண்டு எதையும் சொல்லிவிடாமல் கூடவே வருகிறது. இதை அவசரப்படுத்தி எடுத்திருந்தால் பார்ப்பவர்களுக்கு ஒரு வசனம்தான் கிடைத்திருக்கும்.

கடைசியாக முடிவைப் பற்றிய புகார். அப்பாவும் ஜோவும் மேட்டின்மேல் ஏறி மறுபக்கம் இறங்கிப் போகிறார்கள். பிறகு அந்தக் காபிக் கடை இளைஞன் ஒன்றும் புரியாமல் திரும்பி வருகிறான். செத்தவனை எழுப்பிக் கொண்டுவந்து கதாநாயகிக்குக் கட்டிவைப்பது ஏமாற்று வேலை என்று பலரும் எழுதினார்கள். நேற்று இரவும் ஒருவர் வாசலில் அதையே சொன்னார்.

எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. அந்த இளைஞனை மரணம் எடுத்தது தன் சுற்றுலாவுக்கு ஓர் உடம்பு தேவைப்பட்டதால். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது. சூசனுக்குக் கொடுத்த வாக்கையும் அதே செயலால் நிறைவேற்றுகிறது. அப்பா திரும்பவில்லை. அவருக்கு நேரம் வந்தது, போனார். அதில் எந்தச் சலுகையும் இல்லை. சூசனுக்குக் கிடைத்திருப்பவன் அவள் காதலித்த ஜோவும் இல்லை. ஒரு காலைப்பொழுதில் ஒரு காபி குடித்துப் பழகிய அந்நியன். நடுவில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. பிராட் பிட் அந்தத் தோளை மறுபடி தளர்த்திக்கொண்டு வந்து நிற்கிறார். அவள் முகத்தில் அப்பா போய்விட்டார் என்ற புரிதலும் இவன் யார் என்ற புரிதலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அவள் அவனிடம் ஓடிப்போய் விழவில்லை. இனி என்ன செய்வது என்று கேட்கிறாள். காதல், இழப்பு இரண்டையும் அவள் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இதைச் சுகமான முடிவு என்று என்னால் சொல்லமுடியவில்லை.

இந்த இடத்தில் என்னோடு உடன்படாதவர்கள் பலர் இருப்பீர்கள், குறிப்பாக நேற்று வாசலில் பேசியவர். முதலில் அவர் கேட்கட்டும்.